அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேலே

எக்ஸ்பெரிமென்டல் எலக்ட்ரானிக் இசையில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தப்பாக வாசித்துவிட்டாய் என்று யாரும் சொல்ல முடியாது. கச்சேரியில் ஒரு காந்தாரம் பிசகினால் மூன்றாவது வரிசை மாமா பக்கத்து சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். மெல்லிசை மேடையில் பல்லவி தடுமாறினால் பின்வரிசையில் விசில் கிளம்பும். இங்கே எது பிசகினாலும் அது கலைஞரின் தேர்வு. ஆயுள் முழுக்கப் பிசகிக்கொண்டே வந்தவனுக்கு இதைவிடத் தோதான துறை ஏது? ஆல்பம் போட்டேன். அதிலும் பிசக முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வரலாறும் என் பக்கம் இருப்பதாகத்தான் தோன்றியது. ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்கர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தெருப் பிரசங்கியின் குரலை டேப்பில் பிடித்துவந்தார். 1965-ல் அதில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு டேப் மெஷின்களில் ஒன்றாக ஓடவிட்டார். மெஷின்கள் ஒன்றாக ஓடவில்லை. ஒன்று முந்த, மற்றது மெல்லப் பின்தங்கியது. மனிதர் அந்த விலகலையே உட்கார்ந்து கேட்டு, அதிலிருந்து ஒரு புது இசைமுறையைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் வீட்டில் ஹால் டிவியிலும் பெட்ரூம் டிவியிலும் ஒரே சீரியல் ஓடி, மாமியார் பேசிய வசனம் ஒரு வினாடி தள்ளி மறுபடியும் கேட்டிருக்கிறது. நான் கேபிள்காரருக்கு போன் போட்டேன்.

பிரையன் ஈனோவை 1975-ல் ஒரு டாக்ஸி இடித்தது. படுக்கையில் கிடந்தவரைப் பார்க்க வந்த தோழி ஒரு ஹார்ப் இசைத்தட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். வால்யூம் ரொம்பக் குறைச்சல். எழுந்து போய்க் கூட்டி வைக்க உடம்பில் தெம்பில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே பாதி கேட்டும் கேட்காமலும் கிடந்ததில், இசை இப்படியும் இருக்கலாமே என்று அவருக்குப் பொறி தட்டியது. அதே ஆண்டு ‘டிஸ்க்ரீட் மியூசிக்’, 1978-ல் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’, உலகத்துக்கு ஆம்பியன்ட் இசை. நானும் வைரல் காய்ச்சலில் படுத்திருந்தபோது பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து நாதஸ்வரம் அரைகுறையாகக் கேட்டது. எனக்குத் தோன்றியதெல்லாம், சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்திருக்குமா என்பதுதான்.

வில்லியம் பாசின்ஸ்கி கதை இன்னும் மோசம். 1980களில் செய்து வைத்திருந்த டேப் துண்டுகளை 2001-ல் கம்ப்யூட்டருக்கு மாற்ற உட்கார்ந்தார். ஓட ஓட டேப்பின் மேல்பூச்சு உதிர்ந்தது, அதோடு இசையும் உதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. உதிர்வதை முழுக்கப் பதிவு செய்து ‘த டிஸின்டக்ரேஷன் லூப்ஸ்’ என்று வெளியிட்டார், உலகம் கண்ணீர் விட்டது. எங்கள் கல்யாண வீடியோ கேசட்டும் பூஞ்சை பிடித்து இப்படித்தான் உதிர்ந்தது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டவன் நான். கண்ணீர் எங்கள் வீட்டிலும் வந்தது, ஆனால் இசைக்காக அல்ல.

இதையெல்லாம் படித்து நான் கண்ட உண்மை: இவர்கள் எல்லோருக்கும் ஒரு விபத்து நடந்திருக்கிறது, அதை அவர்கள் முதலாக்கியிருக்கிறார்கள். நான் எனக்கு நடந்தவற்றை வரிசையாக வீணடித்திருக்கிறேன். இனி வீணடிப்பதில்லை. முறைப்படி விபத்துக்குள்ளாவது என்று முடிவெடுத்து, காலண்டரில் சனிக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை குறித்து வைத்தேன். மனைவி அதே கட்டத்தில் ‘கேஸ் புக் பண்ணணும்’ என்று எழுதினார்.

முதல் செலவு சென்னை ரிச்சி தெருவில். காற்றில் வரும் சத்தத்தைப் பிடிக்காமல், பொருளின் உடம்பில் ஓடும் அதிர்வை நேராகப் பிடிக்கும் கான்டாக்ட் மைக் என்று ஒன்று உண்டு. கடையில் வாங்கினால் விலை அதிகம். பீசோ வில்லை ஒன்றுக்கு ஒயர் பற்றவைத்தால் அதுவே மைக். ரூபாய் நாணயம் அளவுக்குப் பித்தளைத் தகடு, நடுவே வெள்ளையாகப் பீங்கான். “பஸ்ஸர்தானே சார்? காலிங் பெல்லுக்கா?” என்றார் கடைக்காரர். “இல்ல, மியூசிக் பண்ண” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு வில்லைகளைச் சேர்த்துப் போட்டார்.

பீசோவுக்கு ஒரு குணம் உண்டு. பத்து லட்சம் ஓம் அளவுக்குத் தடை கொண்ட இன்புட்டில் செருகினால்தான் அது வாய் திறந்து பேசும். சாதாரண மைக் ஓட்டையில் செருகினால் அடிக்குரல் முழுக்கப் போய், மிச்சம் ஒரு தகரச் சத்தம்தான் வரும். இது எனக்கு ஆல்பத்தில் பாதி முடிந்தபிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஆல்பத்தோடு கொடுக்க வேண்டிய குறிப்பில் ‘மாநகரத்தின் தகரக் குரல்’ என்று எழுதிவிட்டிருந்தேன். எழுதியதை மாற்றுவதைவிடத் தகரத்தை வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

அடுத்து லாம்ப்ஷேடு. பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் டீலியா டெர்பிஷயர் என்றொரு பெண்மணி இருந்தார். 1963-ல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பு இசையை, ஒவ்வொரு சுரத்தையும் டேப்பில் தனித்தனியாகப் பிடித்து, பிளேடால் வெட்டி, ஒட்டி ஒட்டியே உருவாக்கியவர். அவருக்குப் பிடித்த வாத்தியம், பச்சை நிறத்தில் ஒரு உலோக விளக்குமூடி. அதைத் தட்டுவார். தட்டிய ‘டங்’கை வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் நிற்கும் கார்வையை மட்டும் எடுத்துக்கொள்வார். கேட்பவருக்கு அது எங்கிருந்து வந்த சத்தம் என்று பிடிபடாது. அவர் கேம்பிரிட்ஜில் கணக்கும் சங்கீதமும் படித்தவர் என்பதை நான் அவசரத்தில் தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டில் இருப்பது டியூப்லைட். அதைத் தட்ட முடியாது. பரண் மேல் தேடியதில் ஒரு பித்தளைக் குடம் அகப்பட்டது. அருமையான நாதம். சப்பாத்திக் கட்டையால் ஒரு போடு போட்டேன்.

“ஏங்க, அது எங்கம்மா வெச்ச சீர்.”

“தெரியும்மா. சத்தம் எவ்வளவு நேரம் நிக்குது பாரு.”

“நீங்க எவ்வளவு நேரம் நிக்கறீங்கன்னு நானும் பாக்கறேன்.”

சங்கடம் என்னவென்றால், நல்ல டேக் கிடைப்பதற்குள் குடம் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. நசுங்கியதும் நாதமே மாறிவிட்டது. அதனால் அந்த டிராக்கின் முதல் பாதியில் இருக்கும் குடம் வேறு, இரண்டாம் பாதியில் இருக்கும் குடம் வேறு. கூர்ந்து கேட்பவர்களுக்கு எங்கள் சம்சாரத்தில் எந்த நொடியில் விரிசல் விழுந்தது என்பது துல்லியமாகக் கேட்கும்.

வெட் கிரைண்டர் எனக்கு ஏமாற்றம் தரவில்லை, நான்தான் அதற்குத் தந்தேன். பீசோ வில்லையை செலோ டேப்பால் அதன் உடம்பில் ஒட்டி ஹெட்போனை மாட்டியதும் உள்ளே ஒரு தொழிற்சாலையே கேட்டது. கல் உருளுவது ஒரு சுற்று, மாவு வழிப்பது ஒரு சுற்று, பெல்ட் ஒரு சுற்று. மூன்றும் ஒன்றோடொன்று சேராது. மாவு இறுக இறுக வேகம் துளித் துளியாக இறங்கும். ஒரு நல்ல கலைஞனின் கையில் இது பொக்கிஷம். “உளுந்து பதம் வந்தாச்சு, நிறுத்துங்க” என்றார் மனைவி. நீளமான டேக் வேண்டுமே என்று நான் கையைக் காட்டி ஓடவிட்டேன். அளவுக்கு மேல் அரைபட்ட மாவு சூடேறிப் போகும் என்பது எனக்குத் தெரியாது. ஆல்பத்துக்கு முதல் விமர்சனம் மறுநாள் காலை இட்லி வடிவில் வந்தது.

தாளத்துக்கு வருவோம். அக்கா பையன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். கீபோர்டில் நான் தட்டிச் சேர்த்திருந்த ஒரு டிராக்கை அவனிடம் போட்டுக் காட்டினேன். விரலை எண்ணிக்கொண்டே கேட்டான்.

“மாமா, இது என்ன தாளம்?”

“தாளத்துக்கு அப்பாற்பட்டதுடா.”

“அப்படியா? ஒவ்வொரு தட்டும் ஒரே அளவுக்கு லேட்டா வருதே, அதனால கேட்டேன்.”

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் சத்தத்தை வினாடிக்கு 44,100 துணுக்காக நறுக்கி, மூட்டை கட்டி அனுப்புகிறது. ஒரு மூட்டைக்கு 1024 துணுக்கு என்றால், மூட்டை நிரம்பவே 23 மில்லிசெகண்ட் ஆகும். போக்குவரத்து வேறு. மூட்டையைச் சின்னதாக்கினால் என் பழைய லேப்டாப் பொரிய ஆரம்பிக்கும். பொரியாமல் இருக்கட்டும் என்று இருப்பதிலேயே பெரிய மூட்டையை வைத்திருந்தேன். விரல் இப்போது தட்டும், சத்தம் கொஞ்சம் யோசித்துவிட்டு வரும். காது மனிதனுக்கு இதையெல்லாம் உடனே சொல்லிவிடும் என்கிறார்கள். என் காது வாரக்கணக்காகச் சும்மா இருந்தது. குறிப்பில் நான் ‘காலத்தின் தயக்கம்’ என்று எழுதியிருந்த இடத்தைப் படித்துவிட்டு, “செட்டிங்ஸ்ல மாத்தினா தயக்கம் போயிடும் மாமா” என்றான் பையன்.

இதற்கிடையே ஒரு அதிசயம் நடந்தது. எதிரொலி கொடுக்கும் மென்பொருள் ஒன்றை இன்டர்நெட்டில் இறக்கி வைத்திருந்தேன். அதன் வழியாக எந்தச் சத்தத்தை அனுப்பினாலும், கொஞ்ச நேரம் கழித்து எங்கிருந்தோ ஒரு இரைச்சல் மெல்லக் கிளம்பும், பெருகும், தானாக அடங்கும். நான் அதைப் போடவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தேடியும் பார்த்தேன், பிடிபடவில்லை. புல்லரித்துவிட்டது. ரைக்குக்கு டேப், ஈனோவுக்கு டாக்ஸி, கடைசியில் எனக்கும் ஒன்று! ஆல்பத்திலேயே நீளமான டிராக்கை அந்த இரைச்சலை நம்பித்தான் கட்டினேன். இதை நினைவில் வையுங்கள், நான் மறக்கத்தான் பார்க்கிறேன்.

இனி ஹம். ரெக்கார்டிங் என்று உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்த எதிரி. எதையும் வாசிக்காமல் வெறுமனே ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஒன்று ஓடும். நம் ஊர்க் கரண்ட் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவதால் வரும் சத்தம் அது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “சார், இந்த பாயின்ட்ல எர்த்தே குடுக்கல. மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு” என்றார். இத்தனை வருஷமாக அந்த அழகை நம்பித்தான் குளிக்க ஹீட்டர் போட்டுக்கொண்டிருந்தோம்.

எலக்ட்ரீஷியன் வேலையை ஆரம்பிக்கும் முன் சித்தி வந்தார். பாட்டு சொல்லிக்கொடுப்பவர். ஸ்பீக்கரில் ஹம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். வாயைத் திறக்காமல் ஒரு சட்ஜம் பிடித்துப் பார்த்தார்.

“அஞ்சு கட்டை. இல்ல… அஞ்சுக்குக் கொஞ்சம் மேலே. நல்லா ஆடாம அசையாம நிக்குதேடா. எந்த கம்பெனி சுருதிப் பெட்டி?”

“கரண்டு, சித்தி.”

பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து கட்டைக்குரிய சுரம் அந்தக் கீழ் ஸ்தாயியில் 49 ஹெர்ட்ஸ். ஐம்பது என்பது அதிலிருந்து அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே. சித்தி சொன்னது அப்பட்டமாகச் சரி. மீட்டர் எதுவும் இல்லாமல், காதாலேயே. அதே காதால் ஆல்பம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் சுருதி சேர்ந்து நிற்பது அந்த ஒன்று மட்டும்தான் என்றும் சொன்னார்.

எனக்கு ஒரு துணை தேவைப்பட்டது. நியூயார்க்கில் லா மான்ட் யங் அகப்பட்டார். 1960களில் அவரும் நண்பர்களும், அவர் வீட்டில் ஆமை வளர்த்த தொட்டியின் மோட்டார் போட்ட ரீங்காரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாசித்திருக்கிறார்கள். அமெரிக்கக் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அவர்கள் சட்ஜமும் அதை ஒட்டியே. ஹம் இனி எதிரி இல்லை, ஆதார சுருதி! அந்த மனிதர் 1970-லிருந்து பண்டிட் பிரான் நாத்திடம் சிஷ்யனாக அமர்ந்து வருஷக்கணக்கில் பயின்றார் என்பது கதையின் இரண்டாம் பாகம். நான் ஆமை வரைக்கும்தான் படித்தேன்.

எலக்ட்ரீஷியனைத் திருப்பி அனுப்பினேன். “சார், லேப்டாப்பைத் தொட்டா ஷாக் அடிக்கும்” என்றார். “அடிக்கட்டும் தம்பி, ஆல்பம் முடியட்டும்” என்றேன். அடித்தது.

நடுவில் ஒருநாள் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியது. எங்களுடையது விலை குறைந்த ரகம். அது தரும் மின்சாரம் வளைந்து ஏறி இறங்காமல் படிக்கட்டாக ஏறி இறங்கும். ஹம் ஒரேயடியாகக் கரகரத்தது. அந்த டிராக்கைக் கேட்ட சித்தி, “என்னடா, சுருதிப் பெட்டிக்குத் தொண்டை கட்டிடுச்சா?” என்றார்.

ஆல்வின் லூசியரைச் சொல்லாவிட்டால் பாவம். 1969-ல் அவர் செய்த ‘ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்’ வெகு எளிமையான காரியம். ஒரு பத்தியைப் படித்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஓடவிட்டு, அதை மறுபடி பதிவு செய்தார். அதை ஓடவிட்டு இன்னொரு முறை. இப்படியே போகப் போக, அறைக்கு எந்தெந்த அதிர்வெண் ஒத்துவருகிறதோ அது மட்டும் பெருத்து, வார்த்தைகள் கரைந்து, கடைசியில் அறையே பாட ஆரம்பிக்கிறது. அவருக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. அந்தத் திக்கலும் அதில் கரைந்து போகிறது. எனக்குத் தெரிந்து, ஒரு மனிதன் தன் குறையை வைத்துச் செய்த ஆகச் சிறந்த காரியங்களில் அது ஒன்று. இந்தப் பத்தியை மட்டும் கேலி செய்து முடிக்க எனக்கு மனசு வரவில்லை, அடுத்ததில் பார்த்துக்கொள்கிறேன்.

என் அறையில் ஒரு பீரோ, இலவம்பஞ்சு மெத்தை, கொடியில் காயும் துணி. பாட வேண்டிய அதிர்வெண்களையெல்லாம் மெத்தையே தின்றுவிட்டது. பாடியது தெருதான். சரியாக நான் பதிவு செய்யும் நேரங்களில் லோடு ஆட்டோ வந்தது. “தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு” என்று கூம்பு ஸ்பீக்கரில் ஒரு பதிவுக்குரல், ஒரே வரி, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு சுற்றிலும் என் குரல் மங்க, தக்காளிக் குரல் ஓங்கியது. முடிவில் அறையில் உட்கார்ந்திருந்தது நான், ஒலித்தது அவர்.

யோசித்துப் பார்த்தால் அவர் செய்வதுதான் அசல். ஒரே வரி நாள் முழுக்கச் சுழல்கிறது, ஸ்பீக்கர் அதைக் கிழிக்கிறது, முனை திரும்பும்போது சுருதி நெளிகிறது. ஒரு தெருவே தினமும் கேட்கிறது, காசும் தருகிறது. இறங்கிப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

“அண்ணே, இந்தக் குரல் யாரோடது?”

“தெரியாது சார். பென் டிரைவோட வாங்கினது.”

“நானும் ஒரு ஆல்பம் பண்ணியிருக்கேன். இதுல போடறீங்களா?”

அவர் நிஜமாகவே யோசித்தார். “போட்டா தக்காளி விக்குமா சார்?”

மனம் தளர்ந்த நாட்களில் நான் அகமதாபாத்தை நினைத்துக்கொள்வேன். 1969-ல் அங்கே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மோக் சிந்தசைசரை நிறுவி, இந்தியாவின் முதல் எலக்ட்ரானிக் இசைக்கூடத்தை ஆரம்பித்து வைத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய் என்று நம்மவர்கள் சிலர் அதில் விதவிதமாகச் செய்து பார்த்தார்கள். சில வருஷங்களில் கூடம் ஓய்ந்தது. டேப்புகள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 2023-ல்தான் ‘த என்ஐடி டேப்ஸ்’ என்று ஆல்பமாக வெளிவந்தது. “இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அம்பது வருஷம் கழிச்சுதான் மதிப்பு தெரியும்” என்று வீட்டில் சொன்னேன். “சரி, அப்ப பேசிக்கலாம். இப்ப ரேஷன் கடைக்குப் போயிட்டு வாங்க” என்றார் மனைவி.

இன்னொரு ஆறுதல் சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808 என்ற பெட்டிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் செய்தார். அப்போது யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. அதே டிபி-303-ஐ வைத்து சிகாகோவில் ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வந்து புது இசை பிறந்ததாகக் கொண்டாடப்பட்டது 1987-ல். 2010-ல் அவர் ஆல்பம் மறுபதிப்பாக வந்ததும் உலகம் மூக்கில் விரல் வைத்தது. விற்காமல் போவதெல்லாம் காலத்துக்கு முந்தியது என்று இதிலிருந்து ஒரு தேற்றம் எடுத்துக்கொண்டேன். அவருக்கு ராகமும் தெரியும், பெட்டியும் தெரியும். எனக்கு மோகனத்துக்கும் மத்தியமாவதிக்கும் வித்தியாசம் சொல்லச் சித்தி வேண்டும், பெட்டிக்கு அக்கா பையன் வேண்டும்.

ஆல்பத்தை அப்லோடு செய்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்திருந்தபோதுதான் பியர் ஷேஃபரின் பேட்டியைப் படித்தேன். இந்த வம்சத்துக்கே பாட்டனார். 1948-ல் பாரிஸில் ரயில் சத்தத்தையெல்லாம் தட்டில் பிடித்து, ஒன்றோடொன்று சேர்த்து, ரேடியோவில் ஒலிபரப்பியவர். சத்தமும் இசையாகலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர். அந்தப் பெரியவர் 1986-ல் கொடுத்த பேட்டியில், டோ-ரே-மிக்கு வெளியே ஒன்றும் இல்லை என்று நாற்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன் என்கிற பொருளில் பேசுகிறார். நாற்பது வருஷம்! அந்த முடிவுக்கு நான் ஒரே கோடை லீவில் வந்துவிட்டேன். அவரை நான் முந்திய இடம் இது ஒன்றுதான்.

வெளியீடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீளமாகச் சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. அட்டைப்படம், கேமராவை என் கட்டைவிரல் மறைத்து எடுத்தது. நிறைய பேர் பாராட்டினார்கள், கட்டைவிரல் என்று தெரியாமல்.

ஜான் கேஜ் 1952-லேயே நாலு நிமிஷம் முப்பத்து மூன்று வினாடி ஒன்றும் வாசிக்க விடாமல் ஒரு பியானோக்காரரை உட்கார வைத்தவர். அவருக்கு மரியாதையாக என் முதல் டிராக்கை நாற்பது வினாடி மௌனத்தோடு ஆரம்பித்திருந்தேன். பாட்டுத் தளங்களில் பொதுவாக முப்பது வினாடியாவது ஓடினால்தான் கேட்டதாகக் கணக்கு. என் ரசிகர்கள் பெரும்பாலும் இருபதாவது வினாடியில் நெட் வேலை செய்யவில்லை என்று மூடிவிட்டார்கள். ஒரு பெரிய தளத்தில் 2024 முதல், ஆண்டுக்கு 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது. அந்த விதியால் நஷ்டப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அந்த வேலியின் பக்கம்கூட என் ஆல்பம் போகவில்லை.

மௌனத்தைத் தாண்டியவர்களுக்கு வேறொரு மௌனம் காத்திருந்தது. எல்லோரும் கேட்டது செல்போன் ஸ்பீக்கரில். விரல் நுனியளவு ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை உச்சரிக்கவே முடியாது, அது சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஒழுங்காக வாய் திறக்கும். அதாவது, சித்தி மெச்சிய ஒரே அம்சம் யார் காதுக்கும் போய்ச் சேரவில்லை. காலேஜ் நண்பன் போன் செய்தான். “டேய், சத்தமே வரலையேடா.” ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். அரைமணி கழித்து மறுபடி கூப்பிட்டான். “இப்ப வருது. ஆனா ஏதோ எர்த் ப்ராப்ளம் இருக்கு, பாத்துக்கோ.”

பாராட்டும் ஒன்று வந்தது, மறைக்க மாட்டேன். இந்த வகை இசையை உண்மையாகவே கேட்கிற, அதில் விஷயம் தெரிந்த ஒருவர் நீளமாக மெயில் எழுதியிருந்தார். குடம் அவருக்குப் பிடிக்கவில்லை. கிரைண்டர் பரவாயில்லை. ஆனால் அந்த நீளமான டிராக்கில், எதிர்பாராத இடங்களில் கிளம்பி, பெருகி, அடங்கும் இரைச்சல் இருக்கிறதே, அந்த ஓர் இடத்தில் மட்டும் கலைஞர் தன் ‘நான்’ஐக் கைவிட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தார். எந்த முறையில் செய்தீர்கள் என்றும் கேட்டிருந்தார்.

மெயிலை அக்கா பையனிடம் நீட்டினேன். படித்தான். ஒன்றும் பேசாமல் லேப்டாப்பைத் திறந்து, அந்த எதிரொலி மென்பொருளின் கீழ் ஓரத்தைச் சுட்டிக் காட்டினான். பொடி எழுத்தில் இருந்ததை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். இது ட்ரையல் பதிப்பாம். காசு கட்டும் வரை, யாரும் இலவசமாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, இடையிடையே இரைச்சல் வருமாம். ஆல்பத்திலேயே சிறந்த பகுதியை இசையமைத்தது, என்னைத் திருடனென்று சந்தேகித்த ஒரு கம்பெனி.

‘தற்செயலுக்கு முழுமையாக இடம் கொடுக்கும் முறை’ என்று அவருக்குப் பதில் எழுதினேன். உடனே ஆர்வமாகத் திரும்ப எழுதினார்: அடுத்த ஆல்பத்தில் அந்த முறையையே இன்னும் விரிவாகச் செய்ய வேண்டுமாம்.

செய்யலாம்தான். ஆனால் ட்ரையல் காலம் முடிந்துவிட்டது. காசு கட்டினால் இரைச்சல் போய்விடும், கட்டாவிட்டால் மென்பொருளே திறக்காது. வேறு இமெயில் ஐடி போட்டு இன்னொரு ட்ரையல் எடுத்துத் தருவதாகப் பையன் சொல்லியிருக்கிறான். ஒரே ஒரு நிபந்தனை: ஆல்பத்தில் எந்த இடத்திலும் அவன் பெயர் வரக் கூடாதாம்.